மஞ்சள் வைக்காத பிரகடனம்

தை பிறந்தும் மழை விடவில்லை. தெமோதரைக்குக் கீழே, ரோட்டு வளைவில், ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு கொல்லனைத் தேடிப் போய்விட்டான். மிச்சம் இருந்தது ஒரு ஆள், ஒரு பெட்டி, ஒரு குடை.

குடை பெட்டிக்கு. ஆள் மழையில் நின்றான்.

அவன் பேர் லிங்கம். பதுளைக் கச்சேரியில், அதாவது ஏஜண்டு துரையின் ஆபீசில், சேவகன். தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை, வில்லையில் ராசாங்க முத்திரை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்து, கொழுந்துக் கூடைக்குத் தப்பி வந்தவன். அந்த வில்லை போனால் திரும்பவும் விடியற்காலைப் பெரட்டில், கங்காணி ஆள் எண்ணும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் பெட்டிக்குக் குடை.

அப்போது பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி வந்தது. பாதி வழி அடைத்துக் கிடந்ததால் நின்றது. உள்ளே சீனி மூட்டை, மிளகாய் மூட்டை, மூட்டைமேல் தலை வைத்துக் குறட்டை விடும் ஒரு பெரிய மனிதர். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"ஏங்க... குடைக்குள்ள யாரு படுத்திருக்கா?"

லிங்கம் திரும்பவில்லை. ராசாங்க ஆள் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்று எவனோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"ஒங்களத்தான். பச்சப் புள்ளையா?"

"ராசாங்கக் காயிதம்."

"காயிதத்துக்குச் சளி புடிக்குமோ?"

திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது...

பெண்ணின் கண்ணை மான் கண் என்பார்கள். சொன்னவன் மானைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மானின் கண்ணில் பயம்தான் இருக்கும். இவள் கண்ணில் பயம் மருந்துக்கும் இல்லை. கூண்டின் ஓலை விளிம்பிலிருந்து சொட்டிய மழை அவள் இமையில் விழுந்து, அங்கேயே இருப்பதா, கன்னத்துக்கு இறங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. லிங்கத்துக்கும் அதே யோசனை. எங்கே பார்ப்பது... எங்கே பார்க்காமல் இருப்பது...

"சாதாக் காயிதம் இல்ல," என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஊவாவைத் தனி மாகாணம்னு மகாராணி பேருல போட்ட பிரகடனம். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. கொழும்புல இருந்து வருது. கச்சேரியில கண்ணாடிக்குள்ள வச்சு சனமெல்லாம் பாக்கப் போகுது. இந்தக் காயிதம் இல்லாட்டி ஊவாவே இல்ல, தெரியுமா?"

"அப்ப நாம ரெண்டு பேரும் இப்ப எந்த ஊருல நனையறோம்?"

நாம ரெண்டு பேரும் என்றாள். லிங்கத்துக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

"நீங்க எங்க நனையறீங்க... உள்ளல்ல இருக்கீங்க," என்றான், கொஞ்சம் பிந்தி.

"ஒரு பேச்சுக்குச் சொன்னா கணக்குப் பாப்பாரு போல."

குறட்டை நின்றது. "யாருடா வண்டிய நிப்பாட்டுனது?" என்று எழுந்த தம்பையா பிள்ளை, பதுளைக் கடைத்தெருவில் மளிகை வியாபாரி, அந்தப் பெண் மீனாம்பாளின் தகப்பனார். கோபமாகத்தான் எட்டிப் பார்த்தார். பித்தளை வில்லையைக் கண்டதும் குரல் வெல்லமாக உருகியது. "அடடா, ராசாங்கத்து ஆளா... ஏறிக்கங்க தம்பி. ஒரே ஊருக்குத்தானே."

ஏற இடம் இல்லை. பெட்டி மட்டும் ஏறியது. பெட்டியை விட்டுப் பிரியக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே லிங்கம் வண்டிக்குப் பின்னால், பெட்டியின் முனையைப் பிடித்தபடி, பதுளை வரைக்கும் சேற்றில் நடந்தான். பெட்டி வழுக்காமல் மறுமுனையை மீனாம்பாள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவள் விரல், இந்தப் பக்கம் இவன் விரல், நடுவில் விக்டோரியா மகாராணி.

"கால் வலிக்கலையா?" என்றாள், ஹாலிஎலை தாண்டி.

"இல்லைங்க."

"பொய் சொல்ற ஆளுகிட்டயா ராசாங்கம் காயிதம் குடுத்து அனுப்புது?"

பதுளை இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக வருத்தப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காயிதத்தை மண்டபத்தில் வைத்தார்கள். நல்ல கருங்காலியில் கறுப்புச் சட்டம், மேலே கண்ணாடி, பூட்டு. சாவி லிங்கத்தின் கழுத்தில். வெள்ளைத் தாளில் இங்கிலீசு எழுத்து, தலைப்பில் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும். தோட்டம் தோட்டமாகச் சனம் வந்தது. பார்க்க வேண்டும் என்று துரைமார் உத்தரவு. உத்தரவு போட்டுக் காட்டுகிற காயிதத்தில் நல்ல சேதி இருக்கும் என்று எந்தப் புத்தியுள்ள சனம் நம்பும்?

ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத சனத்துக்கும் காயிதம் வாசிக்கத் தெரியும். நாலு மூலையில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், காதுகுத்து, புதுக் கணக்கு. மஞ்சள் இல்லாமல் கறுப்பு ஓரம் இருந்தால் எழவு. போன வருஷம் இங்கிலாந்து ராசா செத்தபோது இதே கச்சேரியில் கறுப்பு ஓரக் காயிதம்தான் ஒட்டினார்கள். பெரட்டுக்குப் பெரட்டு அதைச் சொல்லி நிற்க வைத்தார்கள். சனம் மறக்குமா?

வரிசையில் முதலாவது ஆள் பசறைப் பக்கத்துத் தோட்டத்து இராக்கம்மா. எழவு வீட்டில் அவள் வந்து உட்கார்ந்தால்தான் அழுகைக்கே ஒரு ஒழுங்கு வரும். கண்ணாடிக்குள் பார்த்தாள். கறுப்பைப் பார்த்தாள். மூலைகளைப் பார்த்தாள். மஞ்சளைக் காணவில்லை. அவ்வளவுதான், தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"பொன்னு முடி தரிச்ச புண்ணியரே... போன வருஷம் ஒருத்தரு, புதுசா வந்த நீங்களுமா..."

பின்னால் நின்ற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"ஆத்தா, ஆத்தா... யாரும் சாகல," என்று லிங்கம் குறுக்கே விழுந்தான். "இது ஊவாவோட பொறப்புக் காயிதம். இருபத்தஞ்சு வயசு ஆச்சு."

இராக்கம்மா மூக்கைச் சிந்தினாள். "ஊவான்னா யாரு சாமி? ராசா மகளா?"

"அது வந்து..."

"இருபத்தஞ்சு வயசுலயா? பாவி மக... கல்யாணமாவது ஆச்சா?"

இளஞ்சாவு என்று தெரிந்ததும் அழுகை இரண்டு மடங்காயிற்று.

ஏஜண்டு துரை வெளியே வந்தார். பக்கத்தில் துபாஷி அந்தோனிப்பிள்ளை. துரை பேசுவதைத் தமிழிலும், சனம் பேசுவதை இங்கிலீசிலும் சொல்வது அவர் பிழைப்பு. ஏன் அழுகிறார்கள் என்று துரை கேட்டார். துபாஷி யோசித்து, ராச விசுவாசம் தாங்காமல் அழுகிறார்கள் என்று சொல்லி வைத்தார். துரைக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் இராக்கம்மா தரையில் புரள்வதைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை கொழும்புல இருந்து பெரிய துரை வர்றாரு," என்று துபாஷி லிங்கத்திடம் வந்து சொன்னார். "அன்னிக்கு ஒருத்தி அழுதாலும் ஒன் வில்லையைக் கழட்டிருன்னு உத்தரவு. எனக்கு ஒன்மேல கோவம் இல்ல தம்பி, நான் அவரு சொன்னதைச் சொல்ற ஆளு."

கூட்டத்தில் ஒரு ஆள் மட்டும் அழவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மீனாம்பாள்.

கிட்டே வந்தாள். "நாலு மூலைக்கும் மஞ்சள் வச்சா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு."

வேறு நேரமாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு ஊவாவையே எழுதிக் கொடுத்திருப்பான். ஆனால் தலைமைக் கிளார்க்கு பார்த்துக்கொண்டிருந்தார். மற்றச் சேவகர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைக்கு ரோசம் வருவது பெரும்பாலும் வரக் கூடாத இடத்தில்தான்.

"மஞ்சள் பூச இது என்ன அம்மிக்கல்லா?" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "இது ராசாங்க விஷயம். ஒங்க கடைக் கணக்குப் பொஸ்தகம் இல்ல. மொளகா விக்கிறவங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

சிரிப்பு நின்றது. அந்தக் கண்கள் அவனை ஒரு தடவை பார்த்தன... மழை ஓய்ந்த பிறகு குளம் கிடக்குமே, அந்த மாதிரி.

"சரிங்க," என்றாள். போய்விட்டாள்.

சொன்ன வார்த்தையை ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வர முடியாதா என்று லிங்கம் அங்கேயே நின்றான்.

இரண்டு நாள் எதையெதையோ செய்து பார்த்தான். அழக் கூடாது என்று பலகை எழுதி வைத்தான். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அழுகிற ஆட்கள் இல்லை. கறுப்புச் சட்டத்தை மறைத்து வெள்ளைத் துணி சுற்றினான். கோடித் துணி வேறு போட்டாச்சு என்று சனம் இன்னும் மோசமாக அழுதது. புதன்கிழமை மத்தியானம், வேறு வழி தெரியாமல், தம்பையா பிள்ளை கடைக்குப் போனான்.

"வாங்க தம்பி. என்ன வேணும்?" என்றார் தம்பையா பிள்ளை.

"மஞ்சள்."

"கொழம்புக்கா, மருந்துக்கா?"

"அது... வந்து..."

"குளிக்கிறதுக்கா?" அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, அவங்க ராசாங்க ஆளு. நம்மகிட்ட அவங்களுக்கு என்ன வேண்டியிருக்கப் போவுது. மொளகா விக்கிறவங்கதானே நாம."

தம்பையா பிள்ளை மகளைப் பார்த்தார், சேவகனைப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். வியாபாரி அல்லவா, என்ன என்று உடனே கேட்கவில்லை.

லிங்கத்தின் கை வில்லைமேல் போயிற்று. அது போனால் பெரட்டு. ஆனால் சத்தியமாக அந்த நிமிஷம் அவனுக்கு வில்லையைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். மூட்டைக்கு மேலே தெரிந்த அந்த நெற்றி, வெறும் நெற்றி மட்டும், தன் பக்கம் திரும்பாதா என்பதுதான் முதல் கவலை.

"நான் சொன்னது தப்புங்க," என்றான். "நாலு பேரு முன்னால சொன்னேன். அதனால ஒங்க அப்பா முன்னாலயே சொல்றேன். ஒங்களுக்குத் தெரிஞ்சது கச்சேரியில ஒருத்தருக்கும் தெரியல. எனக்குச் சுத்தமாத் தெரியல."

மூட்டைக்கு மேலே இரண்டு கண்கள் வந்தன. குளத்தில் மறுபடியும் ஒரு துளி விழுந்த மாதிரி...

"கொஞ்சம் பொறுங்க. நல்ல மஞ்சளா அரைச்சுக்கிட்டு வாரேன். கடையில இருக்கிறது கலப்படம்."

"அடியே," என்றார் தகப்பனார்.

பெரிய துரைக்காகக் கச்சேரி வாசலுக்குத் தோரணம் கட்டுகிற வேலை தம்பையா பிள்ளையுடையது. அரைத்த மஞ்சளும் குங்குமமுமாக மகளும் கூட வந்தாள். அவர் வெளியே ஏணியில் நின்று மாவிலை கட்டினார். வெளியே சாரல். கிளார்க்குமார் சாப்பிடப் போயிருந்தார்கள். லிங்கம் கழுத்துச் சாவியை எடுத்துக் கண்ணாடியைத் திறந்தான். காயிதம் சுருண்டு கொள்ளாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"லேசா... தெரியாத மாதிரி," என்றான்.

"தெரியாத மாதிரி வைக்கிறதுக்கு எதுக்கு மஞ்சள்?" மோதிர விரலால் முதல் மூலையில் வைத்தாள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மூலையில் அவன் விரல் இருந்தது. எடுக்க மறந்துவிட்டான். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விரலோடு சேர்த்தே வைத்துவிட்டாள்.

வெளியே மழை மட்டும் தகரக் கூரையில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதுங்களா?"

"சிங்கத்துக்கு ஒரு பொட்டு."

"ஐயையோ, வேணாங்க."

"சாமிக்கு வச்சுட்டு வாகனத்துக்கு வைக்காம வுடலாமா?" சிங்கத்தின் நெற்றியில் குங்குமம் ஏறியது. "குதிரை பாக்குது பாருங்க. கோவிச்சுக்கும்." குதிரைக்கும் ஏறியது.

வியாழக்கிழமை தோட்டங்களுக்கு அரை நாள் லீவு. இராக்கம்மாதான் மறுபடியும் முதலில் வந்தாள், முடியை அவிழ்க்கத் தயாராக. குனிந்து பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். பொட்டு வைத்த சிங்கத்தைப் பார்த்தாள்.

"அடி, நல்ல காரியம்டி," என்று திரும்பிச் சொன்னாள். "பொழைச்சுக்கிட்டா போல."

குலவை கிளம்பியது. தேங்காய் உடைந்தது. கொழும்புப் பெரிய துரை நல்ல வேளையாகக் கிட்டத்தில் வந்து பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் எதையும் கிட்டத்தில் பார்ப்பதில்லை. கழுத்தில் மாலையும் கையில் எலுமிச்சம்பழமுமாக, பதுளையின் ராச விசுவாசத்தை மெச்சிவிட்டுச் சாரட்டில் ஏறிப் போனார்.

ஏஜண்டு துரை மண்டபத்துக்குத் திரும்பினார். தானும் ஒரு தடவை பார்ப்போம் என்று குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது முகம் மிளகாய் மூட்டை நிறத்தில் இருந்தது. "தொடைக்கச் சொல்றாரு," என்றார் துபாஷி. தலைமைக் கிளார்க்கு ஈரத் துணியோடு வந்து, லிங்கத்திடம் சாவி வாங்கிக் கண்ணாடியைத் தூக்கி, ஒரு மூலையில் கை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே தேங்காய்ச் சில்லுத் தின்றுகொண்டிருந்த இராக்கம்மா அதைக் கண்டாள்.

"மஞ்சள அழிக்கிறானே... போயிட்டியா தாயி..."

பத்துப் பெண்கள் ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய துரையின் சாரட்டு இன்னும் கடைத்தெருவைத் தாண்டவில்லை. துரை ஒரே எட்டில் போய்த் துணியைப் பிடுங்கி வீசினார். மஞ்சள் இருக்கட்டும் என்றார். அதற்குத் துபாஷி தேவைப்படவில்லை.

ஆனால் காயிதம் திரும்பிக் கொழும்புக்குப் போகும். மஞ்சளோடு போகும். துரை மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"ஒருத்தர் பேரு வேணுமாம்," என்றார் துபாஷி. "இது யாரு வேலைன்னு எழுதணுமாம்."

லிங்கம் முன்னால் வந்தான். பட்டையை அவனே தோளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். "என் வேலைங்க. நான்தான் வச்சேன்."

"அவரு இல்லைங்க." வாசலில் மீனாம்பாள். பின்னால் வெற்றிலைத் தட்டும் கையுமாகத் தம்பையா பிள்ளை. "நான்தான் வச்சேன். குதிரைப் பொட்டைப் பாருங்க, ஆம்பளை கை வச்ச பொட்டா அது?"

"கண்ணாடியத் தொறந்தது நான்," என்றான் லிங்கம்.

"தொறக்கச் சொன்னது நான்."

"நீங்க சும்மா இருங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு பேரு ராசாங்கக் கடுதாசியில ஏறக் கூடாது."

"ஒங்க வேலை போனாப் பரவாயில்லையாக்கும்."

துபாஷி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் மூச்சு வாங்கினார். துரை பேனாவால் மேசையைத் தட்டினார். ஏதோ கேட்டார்.

"தம்பி, துரை கேக்குறாரு. வேலை போகும்னு தெரிஞ்சும் நீ ஏன் முந்திக்கிறேன்னு."

லிங்கம் மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தான்.

"துரை கேட்டாச் சொல்லணும்."

"அவங்கமேல..." அவன் குரல் கச்சேரிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "தெமோதரை வளைவுல மழையில பாத்தேன். அன்னையில இருந்து... அவங்கமேல பிரியங்க. பெரட்டுல நிக்கிறதுன்னா நிக்கிறேன். அவங்க தலை குனியறதை நிண்ணு பாக்க என்னால முடியாது."

அந்தோனிப்பிள்ளை இருபது வருஷமாக வரி, வழக்கு, எல்லைத் தகராறு எல்லாம் மொழிபெயர்த்தவர். இந்த மாதிரி ஒன்று அவர் கைக்கு வந்ததே இல்லை. வேர்வையைத் துடைத்தார். துரை காதில் குனிந்து இரண்டே வார்த்தை சொன்னார். துரையின் காது சிவந்தது. பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக இராக்கம்மாவைப் பார்த்தார். இராக்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார்.

"ஊர் வழக்கம்னு எழுதிட்டாரு," என்றார் துபாஷி. "பேரு ஒண்ணும் போடல. பட்டையை எடுத்து மாட்டிக்க."

லிங்கம் எடுக்கவில்லை. அவன் கண் வாசலில் இருந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்குறாரு. இது கடுதாசிக்கு இல்லையாம், சும்மா தெரிஞ்சுக்கவாம். பொண்ணு என்ன சொல்லுதுன்னு."

மீனாம்பாள் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வெற்றிலைத் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சேவகனை மேலும் கீழும், சரக்குப் பார்ப்பதுபோல, ஒரு தடவை பார்த்தார்.

"என்னைய என்ன பாக்குற? வெள்ளைக்காரன் வரைக்கும் தெரிஞ்சு போச்சு," என்றார். "சொல்றதைச் சீக்கிரமாச் சொல்லு. கடையத் தொறக்கணும்."

அவள் தரையைப் பார்த்தாள். மழைக் காற்றில் தோரணம் அசைந்தது. பயம் என்பதே தெரியாத அந்தக் கண்ணில் முதல் தடவையாகக் கொஞ்சம் வந்து போயிற்று... நிமிர்ந்தபோது அதுவும் இல்லை.

"நான் எதுக்குத் தனியாச் சொல்லணும்," என்றாள் துபாஷியிடம், பார்த்தது லிங்கத்தை. "அவரு சொன்னதுக்குக் கீழ எம் பேரையும் போட்டுக்கச் சொல்லுங்க."